அக்கா உட்கார வேண்டிய சீட்டு

போன மாதம் என் மகன் தன் காரின் முன் சீட்டு இரண்டையும் கழற்றிக் குஷன் கடையில் போட்டான். வாங்கும்போதே பழைய கார். உட்கார்ந்தால் உள்ளே இறங்கி முட்டி மூக்குக்கு வந்துவிடும். சீட்டு வேலை முடிந்து கார் வந்த அன்று, "அம்மா, உக்காந்து பாருங்க, மெத்தை மாதிரி இருக்கு" என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குக் கால் எழவில்லை. முட்டி வலிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு நம்மில் நாலைந்து பேர் கூடுவோமே, அன்று உங்களிடம் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். எழுதிக்கொண்டு வா, வாசிக்கிறோம் என்றீர்கள். ஒன்பதாவது வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், மருமகள் எடுத்தவர்கள். உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் அப்பா விளாங்குடியில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்தக் கார்தான். யாரோ ஒரு பெரிய வீட்டார் ஓட்டி அலுத்து விற்ற கறுப்புக் கார். காலையில் அதைக் குளிப்பாட்டித் துடைத்து, ஸ்டீயரிங்கில் மூன்று விரலால் திருநீறு பூசி, மீனாட்சியை நினைத்துக் கண்ணை மூடிய பிறகுதான் சாவியைத் திருகுவார். கல்யாணம், காதுகுத்து, அழகர்கோவில் நேர்த்திக்கடன், பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் போகும். உள்ளே எப்போதும் ஒரு வாசனை. பெட்ரோல், வாடிய மல்லிகை, சூடம், வெயிலில் காய்ந்த ரெக்சின் உறை எல்லாம் கலந்தது. இன்றைக்கும் ஏதாவது பழைய வண்டி பக்கத்தில் நின்றால் எனக்கு அந்த வாசனை வருகிறது.

காரில் ஒரே குறை முன் சீட்டு. முன்னால் தனித்தனியாக இரண்டு இருந்தன. இரண்டுமே குழி விழுந்தவை. ஸ்பிரிங் எல்லாம் தளர்ந்து, உள்ளே இருந்த தேங்காய் நார் பொடிந்து, உட்காருகிறவர் ஒரு தொட்டிக்குள் இறங்கின மாதிரி இருப்பார். அப்பா தன் பக்கத்துக் குழியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவார். எதிரே வருகிறவர்களுக்கு அவருடைய கண்ணும் நெற்றியும் திருநீறும்தான் தெரியும். "டிரைவர் இல்லாம கார் வருதுடி" என்று தெருப்பிள்ளைகள் கத்துவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே ஹாரன் அடிப்பார்.

என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்தக் காரால்தான் வினை வந்தது.

அக்காவைக் கட்டியது அப்பாவின் கூடப்பிறந்த அக்காள் மகன். எனக்கு அத்தை மகன். சமயநல்லூருக்குப் பக்கத்தில் அவர்களுக்குத் தோட்டம், கிணறு, மாடு கன்று எல்லாம் இருந்தன. அத்தான் வடக்கே லாரி ஓட்டப் போய்விட்டு எப்போதாவது வருவார். மாமா வீட்டில் இருந்தும் இல்லாதவர் மாதிரி, வாயே திறக்க மாட்டார். வீட்டை நடத்தியது அத்தை. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்ததும் அத்தைதான். அதனால் அப்பாவுக்கு அத்தை சொன்னால் சாமி சொன்ன மாதிரி.

தாலி கட்டி முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போக அப்பாவே கார் ஓட்டினார். பின்னால் அவர்கள் இரண்டு பேர், நடுவில் நான். முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் அத்தை உட்கார்ந்தது. நல்ல கனத்த உடம்பு, அரக்குப் பட்டு. சமயநல்லூர் வாசலில் கார் நின்றது. ஊரே ஆரத்தித் தட்டோடு நிற்கிறது. அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றுகிறது, இறங்குகிறது, மறுபடியும் ஊன்றுகிறது. கூட்டத்தில் ஒரு முறைமாப்பிள்ளை, "என்ன அத்தை, கெணத்துல எறங்கிட்டியா? கயிறு போடவா?" என்று சத்தமாகக் கேட்டான். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். கிழிந்த ரெக்சின் வழியாக நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங் பட்டுச் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். கிழிந்த பட்டைப் பிடித்துக்கொண்டு அத்தை நிற்கிறது. ஊரே சிரித்தது. பின்னால் இன்னொரு வண்டியில் வந்து இறங்கிய அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை அதைப் பார்த்துவிட்டது.

ஆரத்தி எடுத்து மருமகளை உள்ளே விட்ட பிறகு, அத்தை வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னது: "தம்பி, இந்தக் குழியில இனி என் வீட்டு ஆளுக ஒருத்தரும் உக்கார மாட்டாக. சீட்டச் சீட்டா ஆக்கிட்டு எம் மருமகளக் கூப்பிட வா."

அப்பா சிரித்துக்கொண்டு, "செஞ்சிருவோம்க்கா" என்றார்.

அது விளையாட்டு என்று நினைத்தோம். தீபாவளிக்கு அழைக்கப் போனார்கள். "சீட்டு செஞ்சாச்சா?" என்று கேட்டு அத்தை அனுப்பவில்லை. பொங்கலுக்கும் அதே கேள்வி. பஸ்ஸில் கூட்டி வரலாம் என்று அம்மா சொன்னாள். சமயநல்லூருக்கும் விளாங்குடிக்கும் நடுவில் என்ன தூரம்? வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் பஸ் வந்துவிடும். அப்பாவுக்கு ரோசம் வந்தது.

"வாசல்ல கார நிறுத்தி வச்சுக்கிட்டு எம் புள்ளைய பஸ்ல கூட்டியாறவா? ஊரு என்ன பேசும்?"

அக்கா உண்டாகியிருக்கிறாள் என்று அதற்குள் சேதி வந்தது. அப்பா தலைகால் புரியாமல் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது முறை. அது சித்திரையில் விழுந்தது. அதற்குள் சீட்டைச் செய்துவிட வேண்டும் என்று அப்பா தனக்குப் பக்கத்தில் இருந்த சீட்டைக் கழற்றிக்கொண்டு சிம்மக்கல்லில் குஷன் கடை வைத்திருந்த பாயிடம் போனார். நானும் கூடப் போனேன்.

பாய் ரெக்சினைக் கத்தியால் கீறி உரித்தார். உள்ளே இருந்து ஒரு மேகம் மாதிரி நார்த் தூசி கிளம்பியது. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து என் பாவாடையில் போட்டார். கொண்டை ஊசிகள், பாதிச் சீப்பு, பாக்கு, யாரோ குழந்தையின் கிலுகிலுப்பை, காய்ந்து கறுத்த ஒரு முழம் பூ, குங்குமப் பொட்டலங்கள். எத்தனை கல்யாணம், எத்தனை கோவில் அந்தச் சீட்டில் ஏறி இறங்கியிருக்கும்! எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

"அண்ணே, ஸ்பிரிங்கெல்லாம் கால நீட்டிப் படுத்துருச்சு" என்றார் பாய். "புதுசு கட்டி, நாரு அடைச்சு, மேல தைச்சுக் குடுக்க நாளாகும். திருவிழா வேற வருது. ஒண்ணு செய்வோம். இப்போதைக்கு ரெண்டு சாக்க மடிச்சு உள்ள குடுத்துக் கட்டித் தாரேன். புள்ளையப் போயிக் கூட்டிட்டு வந்துருங்க. பெறகு நிதானமா செஞ்சுக்குவோம்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இல்ல பாய். எங்கக்கா சாமான்யப்பட்டதில்ல. கைய வச்சு அமுக்கிப் பாக்கும். சாக்குன்னு தெரிஞ்சா அதுக்கும் சேத்துப் பேசும். புதுசாவே பண்ணிருங்க. மருதாணிச் செவப்புல ரெக்சின் போடுங்க."

"அந்தக் கலரு என்கிட்ட இல்லண்ணே. வெளியூர்லருந்து வரணும்."

"வரட்டும். அதுதான் வேணும்."

"அண்ணன் சீட்டு?"

"எனக்கெதுக்கு பாய்? எனக்கு இந்தக் குழி பழகிருச்சு. எம் மக உக்கார்ற சீட்டு மட்டும் நல்லா இருந்தாப் போதும்."

அன்று பாய் சொன்னதுக்குத் தலையாட்டியிருந்தால் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா தன் மகளுக்கு ராசாத்தி மாதிரி ஒரு ஆசனம் செய்து கொடுக்க நினைத்தார். அதில் என்ன குற்றம்? அவர் மனசு முழுக்க அந்தச் சீட்டு. அதில் உட்கார வேண்டியவள் எப்படி இருக்கிறாள் என்று யோசிக்க இடமில்லாமல் போனது.

சீட்டு கடையில் கிடந்த நாட்கள் எனக்குக் கொண்டாட்டம். அப்பாவுக்குப் பக்கத்தில் இப்போது வெறும் தரை. சவாரிக்கு ஆள்கள் பின்னால் ஏறிக்கொள்வார்கள். நான் முன்னால் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்துகொள்வேன். தகரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். தார், மண், சாணி, மறுபடி தார். அப்பாவின் பெருவிரல் பிரேக்கை அமுக்குவது என் கண்ணுக்கு நேரே தெரியும்.

சித்திரை பிறந்ததும் ஒரு குடும்பத்தார் அழகர்கோவிலுக்குச் சவாரி பிடித்தார்கள். அம்மா என்னையும் அனுப்பினாள். அக்காவுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆக வேண்டும் என்று கள்ளழகரை வேண்டி, பிரசாதத் தோசை வாங்கிவரச் சொன்னாள். அந்தத் தோசை உங்களுக்குத் தெரியும். உளுந்தும் மிளகும் சுக்கும் போட்டு, நெய்யில் தடியாக வேகவைத்தது. ஒரு விள்ளல் தின்றாலே வயிறு திம்மென்று இருக்கும். அதை இலையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சவாரிக்காரர்களை ஊரில் இறக்கிவிட்டு, அப்பா காரை நேரே சமயநல்லூருக்கு விட்டார்.

ஆனால் அத்தை வீட்டு வாசலுக்குப் போகவில்லை. பாதை திரும்புகிற இடத்தில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். "நான் வரலத்தா. சீட்டே இல்லாத காரக் கொண்டுபோயி நிறுத்துனா உங்கத்தை சும்மா விடாது. நீ ஓடிப்போயி அக்காட்ட பிரசாதத்தக் குடுத்துட்டு வந்துரு" என்றார்.

வாசலில் அத்தை கடலை உடைத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "எங்கடி உங்கப்பன்? குழிக்குள்ள விழுந்துட்டானா, எந்திரிக்க முடியலையா?" என்று கேட்டுவிட்டு, "உங்கக்கா படப்புப் பக்கம் இருப்பா, போ" என்றது.

வைக்கோல் படப்புக்குப் பின்னால் அக்கா சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். வயிறு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு, கையும் காலும் குச்சியாக இருந்தன. கையில் கண்ணாடி வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. இலையைத்தான் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். என் அக்கா நிதானமாகச் சாப்பிடுகிறவள். முறுக்கைக்கூட உடைத்து எனக்குப் பாதி தந்துவிட்டுத்தான் தின்பாள். அன்று படப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, அம்புட்டுத் தோசையையும் விழுங்கினாள். தொண்டையில் அடைத்தது. நெஞ்சில் குத்திக்கொண்டு மறுபடியும் விழுங்கினாள். இலையில் ஒட்டியிருந்த நெய்யையும் விரலால் வழித்துக்கொண்ட பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"அப்பா வந்துருக்காகளா?"

"ரோட்டுல நிக்கிறாக. சீட்டு இல்ல, அதான் வரல."

"எப்ப சீட்டு வரும்?"

"செவப்பு ரெக்சின் வரணுமாம்."

அக்கா என் தலையைத் தடவிவிட்டாள். கையில் சாணி மணமும் நெய் மணமும் கலந்து அடித்தது.

ஓடி வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, அக்கா முழுத் தோசையையும் தின்னுருச்சு. எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரல. அக்கா ரொம்ப எளைச்சுப் போச்சுப்பா."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "வாயும் வயிறுமா இருக்கவ, பசிக்கத்தான செய்யும்! தின்னட்டும், தின்னட்டும். பேரன் சாப்புடுறான்." வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். "மொதப் பிள்ளைக்கு அப்பிடித்தான்டி எளைப்பாக. சின்னப் பிள்ள, உனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் மகள் வயிற்றில் சேர்ந்ததற்கு அழகர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திருவிழா வந்தது. ஊர் முழுக்க சனம். பாய் கடை அடைத்துக் கிடந்தது. ரோட்டில் வண்டி நகர முடியவில்லை. அழகர் ஆற்றில் இறங்கி, திரும்பி மலைக்கும் போய்விட்டார். ரெக்சின் வரவில்லை. சித்திரை முடியப் போகிறது என்று அம்மாவுக்குத் தவிப்பு.

"ஏங்க, எட்டு பொறந்துட்டா அழைக்க முடியாதுங்க. ஒம்பதுலதான் முடியும். பேசாம பஸ்லயே போயிக் கூட்டியாந்துருவோம்."

"இந்தா வந்துரும்னு பாய் சொல்லிருக்காரு. பொறு."

எட்டாம் மாதம் என்றால் அம்மாவுக்கு உயிரே நடுங்கும். அதற்குக் காரணம் இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து இறந்திருக்கிறது. எட்டாம் மாதத்தில் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டித் தாய்வீட்டுக்கு வந்ததால்தான் அது தங்கவில்லை என்று அம்மாவுக்கு யாரோ சொல்லி, அவள் அதை நெஞ்சில் அடித்த ஆணி மாதிரி வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

வைகாசி பிறந்துவிட்டது. எட்டும் பிறந்துவிட்டது. அப்புறம்தான் சீட்டு வந்தது.

ஒரு மத்தியானம் அப்பா அதைக் காரில் மாட்டி முடித்தார். மருதாணிச் சிவப்பு, ஓரத்தில் குழல் மாதிரி உருட்டித் தைத்த வெள்ளைக் கரை. குந்தினால் அப்படியே தாங்கி நிறுத்தியது. அம்மா சீட்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்பா சக்கரத்தின் முன்னால் தேங்காய் உடைத்தார். சிதறிய சில்லைப் பொறுக்கிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, தெருமுனையில் அக்கா வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பு இல்லை. கையில் ஒரு மஞ்சள் பை. வெயில் சுட்டதால் நிழல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

அப்பாவுக்கு அது சாமி அனுப்பியதாகவே பட்டது. "அடி ஆத்தே! சீட்டு வந்தது உனக்கு எப்பிடித் தெரியும்? வா தாயி, வா. நீதான் மொதல்ல உக்காரணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். அக்கா மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தாள். "எப்பிடி இருக்கு?" "நல்லா இருக்குப்பா." "சாஞ்சு பாரு." சாய்ந்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "யார்ட்டச் சொல்லிட்டு வந்த?"

"யார்ட்டயும் சொல்லலம்மா."

"எட்டு நடக்குதேடி! இந்த மாசம் கால் மாறலாமா?"

"நான் இங்கயே இருந்துக்கிறேம்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே அழைத்துச் சோறு போட்டாள். அக்கா சாப்பிடச் சாப்பிட அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே இருந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். பாதிச் சாப்பாட்டில் அக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அத்தை சோத்துப் பானைய உள்ள வச்சுப் பூட்டிருதுப்பா. எல்லா வேலையும் முடிஞ்சாத்தான் தெறக்குது. சில நாளு தெறக்கவே மாட்டேங்குது."

அப்பா சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆசையான சிரிப்பு.

"எங்கக்கா சின்னதுலருந்தே அப்பிடித்தான் தாயி. எனக்கே கருப்பட்டியப் பூட்டி வச்சு வச்சுத்தான் குடுக்கும். நான் திருடித் தின்னுருவேன்னு. அது ஒரு கொணம். மனசுல ஒண்ணும் கிடையாது. அதுக்குப் பட்டுச் சேல கிழிஞ்ச கோவம். இப்பத்தான் சீட்டு வந்துருச்சே, எல்லாம் சரியாப் போகும்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் சோற்றைப் பிசைந்தாள்.

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டுபோயி விட்டுருங்க" என்றாள் அம்மா. "பொழுது தங்குனாத்தான் தோசம். ஒம்பது பொறந்த மொத நாளே மேளத்தோட போயிக் கூட்டியாருவோம். என் கண்ணுல்ல, கொஞ்ச நாளுதான். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துரு." அக்காவின் நெற்றியில் திருநீறு பூசி, முந்தானையில் முறுக்கும் அவலும் முடிந்துவிட்டாள்.

அக்காவை வீட்டுக்கு அழைத்து வரச் செய்த சீட்டில் உட்கார வைத்து, அவளை நாங்களே கொண்டுபோய்த் திரும்ப விட்டோம்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பா தன் குழியில் அமிழ்ந்திருந்தார். அக்கா புதுச் சீட்டில் உயரமாக, நேராக இருந்தாள். வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டு வந்தார், ரெக்சின் எங்கிருந்து வந்தது, நாரை எப்படி அடைத்தார்கள் என்று. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டாள். ஊர் வருவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்கிற மாதிரி.

வாசலில் அத்தை இடுப்பில் கைவைத்து நின்றது. அப்பா முந்திக்கொண்டு, "நாந்தாங்க்கா வரச் சொன்னேன், சீட்டுக்கு அளவு பாக்க" என்று பொய் சொன்னார். மகளைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. அத்தை சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வயித்துப் பிள்ளக்காரி ஊர் சுத்திட்டு வந்துருக்கா. உள்ள போடி" என்றது. அக்கா உள்ளே போனாள்.

ஒன்பது பிறக்கவில்லை. அதற்கு முன்பே அக்காவுக்கு வலி கண்டது. சேதி கேட்டு அம்மாவும் அப்பாவும் ஓடினார்கள். ஆண் குழந்தை. கைக்குள் அடங்குகிற அளவுக்கு இருந்ததாம். ஒரு பொழுது இருந்துவிட்டுப் போய்விட்டது. "இந்தப் பிள்ள என்னத்தத் தின்னுச்சு இத்தன மாசமா? ஒடம்புல ஒரு சொட்டு ரத்தமில்லையே" என்று மருத்துவச்சி எல்லோர் முன்னாலும் கேட்டாளாம்.

அம்மாவுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை. அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். எட்டாம் மாதத்தில் மகள் வாசல் தாண்டினாள், தாண்டியவளை உள்ளே விட்டுச் சோறு போட்டோம், அதனால் பேரன் போனான். "வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருக்கணும்" என்று சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வளர்ந்து பிள்ளை பெற்ற பிறகு ஒரு தடவை, "அப்பிடி இல்லம்மா, அக்கா பட்டினி கெடந்துருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். "நீ அப்ப சின்னப் பிள்ள" என்றாள்.

நான் தினமும் விளக்கேற்றுகிறவள். நல்ல நாள், ஆகாத நாள் எல்லாம் பார்க்கிறவள்தான். ஆனால் பசித்து வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று எந்தச் சாமியும் சொல்லியிருக்காது. அம்மாவும் அப்பாவும் கெட்டவர்கள் இல்லை. மீனாட்சி தாயே, அவர்களை மன்னித்துவிடு என்றுதான் இத்தனை வருஷமும் கும்பிடுகிறேன். அத்தையைச் சேர்த்துக்கொள்ள இன்னும் என்னால் முடியவில்லை. அதையும் மீனாட்சியிடமே சொல்லிவிட்டேன்.

தீட்டுக் கழிந்த பிறகு அப்பா அக்காவை அழைக்கப் போனார். மேளம் இல்லை, வளையல் இல்லை. அம்மா வரவில்லை, நான் போனேன். அப்பா காரை நேரே வாசலில் நிறுத்தினார். அத்தை வெளியே வந்தது. கார்க் கதவைத் திறந்து, சீட்டில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தது. இன்னொரு தடவை அமுக்கியது.

"இப்பத்தான்டா தம்பி சீட்டு சீட்டா இருக்கு" என்றது.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அப்பா அத்தனை நாளும் காத்திருந்தார். இப்போது அது காதில் விழாதவர் மாதிரி, அக்கா வருகிற வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அப்பா முன் கதவைத் திறந்து பிடித்தார். அக்கா அதைத் தாண்டிப் போய்ப் பின் கதவைத் தானே திறந்து, என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அப்பா கொஞ்ச நேரம் திறந்த கதவோடு நின்றார். பிறகு சாத்தினார்.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள், "அப்பா, பசிக்குது."

அப்பா உடனே பிரேக் போட்டார். வீடு வந்துவிடும் என்றோ, அம்மா ஆக்கி வைத்திருக்கிறாள் என்றோ சொல்லவில்லை. ரோட்டோரத்தில் ஒரு இட்லிக் கடை. இறங்கி ஓடினார். இலையில் இட்லி வாங்கி வந்து பின் கதவு வழியாகக் கொடுத்தார். அக்கா தின்றாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். தீர்ந்ததும் அவளைக் கேட்கவில்லை, அவராகவே ஓடினார். மறுபடியும் வாங்கி வந்தார். மறுபடியும் ஓடினார். அவர் மேல்துண்டு ரோட்டில் விழுந்துவிட்டது, எடுக்கவில்லை.

அடுத்த தடவை போனபோது கடைக்காரர் காரை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எம்புட்டுப் பேருண்ணே வண்டில சாப்புடுறாக? சொன்னா மொத்தமாக் கட்டிக் குடுத்துருவேன்ல?"

அப்பா இலையைக் கையில் ஏந்தியபடி நின்றார்.

"யாருமில்லண்ணே" என்றார். "எம் மக ஒருத்திதான்."